செவலையை ஒதுக்கி வைத்த கார்த்திகை

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் காலையில் சமையலறைத் தரையில் சிவப்பாக மூன்று பொட்டுகள் கிடந்தன. குங்குமம் சிந்தியிருக்கிறது என்று நினைத்து ஈரத்துணியை எடுத்தேன். நடையில் இன்னும் இரண்டு இருந்தன. வாசல்படிக்குப் பக்கத்தில் செவலை உட்கார்ந்து தன்னையே நக்கிக்கொண்டிருந்தாள். துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். எது வரக்கூடாது என்று ஆவணியிலிருந்து பயந்துகொண்டிருந்தேனோ அது வந்துவிட்டது.

எதையும் ஒரு நாளோடு சேர்த்துத்தான் எனக்கு ஞாபகம் இருக்கும். பழைய கெஜட்டியர்களையும் யார் யாரோ எழுதி வைத்த நாட்குறிப்புகளையும் சின்ன வயதிலிருந்து படித்ததால் ஒட்டிக்கொண்ட பழக்கம். திருவண்ணாமலையில் இருப்பவர்களுக்கு இது பெரிய காரியம் இல்லை. பௌர்ணமி, பிரதோஷம், கொடியேற்றம், தேர், தீபம், தெப்பம் என்று வருஷமே கரும்பு மாதிரி கணு வைத்திருக்கிறது. எந்தக் கணுவில் எது நடந்தது என்று பார்த்துக்கொண்டால் போதும். அந்தக் கார்த்திகையை அப்படித்தான் இப்போது எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம். நாய்களுக்கு நாங்கள் வைத்த பெயர்களும் வேண்டாம். பெட்டையைச் செவலை என்றும் ஆணைக் கருப்பு என்றும் நிறத்தை வைத்தே சொல்கிறேன்.

வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் எனக்கு வேலை. கணவர் டவுனில் இருசக்கர வாகன உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். கிரிவலப் பாதையிலிருந்து நடந்து வருகிற தூரத்தில், மனைகள் பாதி காலியாகக் கிடக்கும் ஒரு புது நகரில் வீடு. முதலில் வந்தவன் கருப்பு. கணவரின் அக்கா கீழ்பென்னாத்தூரில் இருக்கிறார். நெல்லும் மணிலாக் கடலையும் பயிர் வைக்கிற குடும்பம். அவர் வீட்டுக் காவல் நாயின் குட்டியைக் கட்டைப்பையில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். "இவங்கப்பன் வரப்புல நின்னான்னா தாசில்தாரே வந்தாலும் சுத்திக்கிட்டுதான் போவணும்," என்றார்.

செவலை வந்தது அடுத்த வருஷம். ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் காலையில், கூட்டம் கலைந்த கிரிவலப் பாதையோரம், பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு கிடந்த குட்டி. ஏதோ வண்டி ஏறியிருந்தது. கணவர் கடையிலிருந்த அட்டைப்பெட்டியில் வைத்து எடுத்து வந்தார். நடக்கமாட்டாள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நடந்தாள். கொஞ்சம் சாய்ந்து, இடுப்பை ஒரு பக்கமாகப் போட்டு நடப்பாள்.

அந்த இடுப்புதான் விஷயம். எங்கள் கால்நடை மருத்துவர் நடுத்தர வயதுப் பெண். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டினார். உடைந்த எலும்பு உள்பக்கமாக மடங்கி ஒட்டியிருந்தது.

"இவ நல்லா நடப்பா, ஓடுவா. ஆனா குட்டி மட்டும் போடக்கூடாது. வெளிய வர்ற வழி பாதிதான் இருக்கு. சினையானா உசிருக்கே ஆபத்து."

"அப்ப ஆபரேஷன் பண்ணிடுங்க."

"பண்ணணும்தான். முதல்ல இவளுக்கு இருக்கற உண்ணிக் காய்ச்சல் குணமாகணும். ரத்தம் உறையறதுக்கு இருக்கற அணு ரொம்ப கம்மியா இருக்கு. இப்ப கத்தி வச்சா நிக்காது."

செவலைக்கு மாத்திரை தொடங்கினோம். அதுவரை கருப்புக்குச் செய்துவிடலாம், அது சின்ன வேலை, ஆனால் செய்த பிறகும் சில வாரம் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும், அதனால் சீக்கிரம் கூட்டிவாருங்கள் என்றார் டாக்டர். இது ஆவணியில். ஆவணியில் கடையில் ஆள் இல்லை என்றார் கணவர். புரட்டாசியில், கவிச்சியே வேண்டாம் என்கிற மாதத்தில் கத்தி எதற்கு என்றார். ஐப்பசியில் தீபாவளி வந்தது. ஒருநாள் நானே அவனை வண்டியில் ஏற்றப் போனபோது, "பாவம், அவன் என்ன தப்பு பண்ணான்?" என்று கேட்டுவிட்டு சங்கிலியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அடுத்த ஞாயிறு கண்டிப்பாகத் தானே கூட்டிப்போவதாகச் சொன்னார். அந்த ஞாயிறு வருவதற்குள் இந்தப் பொட்டுகள்.

அலுவலகம் போகும் வழியில் டாக்டரிடம் போனேன். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன். எல்லாம் இதில்தான் இருக்கிறது.

"ரத்தம் வர்ற வரைக்கும் பொட்டை ஆண் நாயைக் கிட்ட சேர்க்காது. அது வெளுத்து, நின்ன மாதிரி ஆகும் பாருங்க, அப்பதான் சேர்க்கும். நம்ம ஆளுங்க, ரத்தம் நின்னுடுச்சு இனிமே பயமில்லன்னு அவுத்து வுட்டுடுவாங்க. அந்த நாள்தான் ஆபத்தான நாளே. மொத்தமா மூணு வாரம் பிரிச்சு வைங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒரு கதவு பத்தாது, ரெண்டு கதவு இருக்கட்டும்."

சாயங்காலம் இதைக் கணவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். தலையாட்டினார். பின்கட்டில் வாஷிங் மெஷின் இருக்கும் அறையைக் காலி செய்து செவலைக்குக் கொடுத்தோம். அறைக்கு ஒரு கதவு, நடைக்கு ஒரு கதவு. கருப்பை முன்பக்கப் போர்டிகோவில் சங்கிலியில் கட்டினோம். அவள் பின்வாசல் வழியாக வெளியே போய் வருவாள், அவன் முன்வாசல் வழியாக. அவன் சோறு தின்பதை நிறுத்தினான். பகலெல்லாம் ஒரே சுருதியில் முனகினான். எதிர் வரிசையில் இருக்கும் வயதான தபால்காரர், "உங்க வீட்ல நாதஸ்வரம் பழகறாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அறைக்குள் செவலை கதவைச் சுரண்டிக்கொண்டேயிருந்தாள். இடுப்பு ஒடிந்து வந்த நாளில்கூட நாங்கள் அவளை மூடிய அறையில் வைத்ததில்லை.

தேரன்று காலையில் நாத்தனார் வந்தார். வருஷாவருஷம் தேருக்கு வந்து, தீபமும் தெப்பமும் பார்த்துவிட்டுத்தான் போவார். முறுக்கு டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு, "எங்கடா அந்த நொண்டிச் சிறுக்கி?" என்று செவலையைத் தேடினார்.

"அது கொஞ்ச நாளைக்குத் தனியா இருக்கணும்கா," என்றார் கணவர்.

"எதுக்கு?"

"அதான்கா... அதுதான்."

நாத்தனாருக்குப் புரிந்துவிட்டது. "ஓ, வீட்டுக்குத் தூரமா?" என்று சிரித்தார். கணவர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டார்.

நான் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தேன். தீபத்துக்கு எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் ஏதாவது ஒரு பணி போடுவார்கள். எனக்குத் தற்காலிகப் பேருந்து நிலையத்தில். வாசலில் ஜீப் வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நாத்தனார் என்னை விடவில்லை.

"ஏம்மா, என்னைய எத்தினி பேச்சு பேசின? இந்தக் காலத்துலயும் ஒதுக்கி வைக்கறீங்களே, மனுஷங்களா நீங்கன்னு? இப்ப பாரு. வாயில்லா ஜீவனுக்குத் தட்டு வேற, தண்ணி வேற, ரூம் வேற!"

"அது வேற விஷயம் அண்ணி."

"எல்லாம் அதே விஷயம்தான். நீ படிச்சவ, வேற பேரு வச்சிக்கற."

எனக்கும் சிரிப்பு வந்தது. "உங்க தம்பிகிட்ட எல்லாம் சொல்லியிருக்கேன் அண்ணி, கேட்டுக்கங்க," என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினேன்.

அந்தப் பேச்சுக்குப் பின்னால் பழைய கதை உண்டு. கல்யாணமான புதிதில் கீழ்பென்னாத்தூர் வீட்டில்தான் இருந்தேன். அங்கே அந்த நாட்களில் பின்கட்டு அறைக்குப் போய்விட வேண்டும். மணிலா மூட்டைகள் அடுக்கிய அறை. ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு சொம்பு. பட்டப்படிப்பு முடித்துவிட்டுப் போன எனக்கு அந்த அறையில் உட்கார்ந்திருப்பது எரியும். அங்கே எனக்குச் சோறு கொண்டுவந்தவர் இந்த நாத்தனார்தான். நிலைப்படிக்கு வெளியே சப்பணமிட்டு உட்கார்ந்து, நான் சாப்பிட்டு முடிக்கிறவரை ஊர்க்கதை பேசுவார். நான் எழுத்தைப் பார்க்காமல் இருக்கமாட்டேன் என்று தெரிந்து, மளிகைச் சாமான் கட்டிவந்த செய்தித்தாளையெல்லாம் நீவி மடித்துக் கொண்டுவந்து தருவார். குளிக்கிற நாளில் அவரே வெந்நீர் வைத்து, மஞ்சள் கலந்து, என் தலையில் ஊற்றுவார். "போதும், உள்ள கிடந்தது. வா," என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போவார். அந்த அறையை நான் மன்னிக்கவில்லை. அவரை வெறுக்கவும் என்னால் முடிந்ததில்லை.

தீபத்தன்று மத்தியானம் பணிக்குப் போன நான் மறுநாள் காலையில்தான் திரும்பினேன். இடையில் நடந்ததைக் கணவரும் நாத்தனாரும் தனித்தனியாகச் சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போயின.

நான் கிளம்பிப் போன பிறகு நாத்தனார் செவலைக்குச் சோறு வைக்கப் பின்கட்டுக்குப் போயிருக்கிறார். தரையில் பொட்டு இல்லை. அவள் படுத்திருந்த பழைய போர்வையைப் புரட்டிப் பார்த்தார். கறை வெளுத்துப்போயிருந்தது. நின்றுவிட்டது என்று முடிவு கட்டினார். வெந்நீர் வைத்தார். கொஞ்சம் மஞ்சள் போட்டார். செவலையைக் குளிப்பாட்டி, துவட்டி, நெற்றியில் பொட்டும் வைத்து, இரண்டு கதவையும் திறந்து கூடத்துக்கு அழைத்துவந்துவிட்டார்.

கணவர் பூ வாங்கப் போயிருந்தார். திரும்பி வந்தபோது செவலை ஜன்னல் வெயிலில் மல்லாந்து படுத்திருந்தாள்.

"அக்கா, மூணு வாரம் இருக்கணும்னு சொன்னாங்களே."

"மனுஷிக்கே மூணு நாள்தான்டா. நாயிக்கு என்னா மூணு வாரம்? தீபத்தன்னிக்கு ஒரு ஜீவன் இருட்டு ரூம்ல கிடக்கறது நல்லாவா இருக்குது?"

இந்த இடத்தில் அவர் டாக்டர் சொன்னதைச் சொல்லியிருக்கவேண்டும். சொல்ல வாய் வரவில்லை. அக்காவிடம், தன்னைத் தூக்கி வளர்த்த அக்காவிடம், பெட்டை எப்போது சேர்க்கும் எப்போது சேர்க்காது என்பதை எப்படி எடுத்துச் சொல்வது? எப்படியும் கருப்பு சங்கிலியில் இருக்கிறான் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

சாயங்காலம் போர்டிகோவில் வரிசையாக அகல் வைத்தார்கள். கருப்பு சங்கிலியோடு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் அலைந்தான். வால் இரண்டு விளக்குகளைத் தட்டிவிட்டது. எண்ணெய் கொட்டி, தரையில் தீ ஓடி அணைந்தது. மலை உச்சியில் தீபம் ஏற்றுகிற நேரம் நெருங்கிவிட்டது. நகரில் எல்லா மொட்டைமாடியிலும் ஆட்கள் ஏறி நின்றார்கள். ஐந்து நிமிஷம்தானே என்று கணவர் அவனை அவிழ்த்து உள்ளே விட்டு, வாசல் கதவைச் சாத்திக்கொண்டு, அக்காவோடு மாடிக்கு ஓடினார்.

தீபம் தெரிந்தது. எல்லா மாடியிலிருந்தும் அரோகரா எழுந்தது. நாத்தனார் கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதாராம். ஒவ்வொரு வருஷமும் அழுவார். இறங்கி வந்தபோது கூடத்தின் நடுவில் இரண்டும் பின்புறம் ஒட்டி, எதிரெதிர்த் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தன. செவலையின் சாய்ந்த இடுப்பு நடுங்கிக்கொண்டிருந்தது. கணவர் வாளித் தண்ணீரைத் தூக்கினார். நாத்தனார் வாளியைப் பிடித்துக்கொண்டார்.

"ஊத்தாதடா. இழுக்காத. பொட்டைக்குதான் கிழியும். அதுவா வுடட்டும்."

அதுவாக விடுகிறவரை அவர் செவலையின் தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். தீபத்தன்று இந்த ஊரில் எந்தப் போனும் எடுக்காது.

காலையில் நான் வந்தபோது வாசலில் கோலம் இல்லை. படியில் நாத்தனார் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்தார்.

"நின்னுடுச்சுன்னு நினைச்சேன்மா," என்றார்.

எனக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் காலிலிருந்த வலியெல்லாம் தலைக்கு ஏறியதுபோல் இருந்தது. "நின்ன பிறகுதான் அண்ணி சேர்க்கும்! அதுக்குதான் மூணு வாரம். இவகிட்ட ஒரு குட்டிகூட வெளிய வர முடியாது. செத்துப்போயிடுவா."

நாத்தனார் திரும்பித் தம்பியைப் பார்த்தார். "இத நீ ஏன்டா சொல்லல?"

"உங்ககிட்ட எப்படிக்கா இதெல்லாம்..."

"எரும மாடு! பொலிகாளைக்குக் கயிறு புடிச்சி நின்னவடா நானு. எத்தினி பசுவ சினைக்கு ஓட்டிக்கிட்டுப் போயிருக்கேன். எங்கிட்ட உனக்கு வெக்கமா?" பிறகு என்னிடம் சொன்னார்: "பசுவுக்கு ரத்தம் பட்டுச்சின்னா நாள் தாண்டிடுச்சின்னு அர்த்தம்மா. அதான் எனக்குத் தெரிஞ்ச கணக்கு. இது தலைகீழா இருக்கும்னு யாரு கண்டா?"

அவருக்கு இரண்டு கணக்கு தெரியும். ஒன்று பசுவுடையது, ஒன்று பெண்ணுடையது. இரண்டிலுமே ரத்தம் நின்றால் கவலை விட்டது. மூன்றாவது கணக்கைச் சொல்லவேண்டியவர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். என்னால் யாரையும் முழுதாகத் திட்ட முடியவில்லை. தெப்பத்துக்கு இருக்காமல் நாத்தனார் மத்தியான பஸ்ஸில் கிளம்பிப் போனார். முறுக்கு டப்பா திறக்கப்படாமல் மேஜையிலேயே இருந்தது.

டாக்டரிடம் ஓடினோம். கலைப்பதற்கு ஊசி இருக்கிறதாமே என்று கணவர் கேட்டார்.

"சிலர் போடுவாங்க. நான் இவளுக்குப் போடமாட்டேன். கர்ப்பப்பையில சீழ் புடிக்கும், இருக்கற ரத்தமும் போயிடும். உண்ணி மாத்திரைய விடாம குடுங்க. ரத்தம் ஏறட்டும். ஒரு மாசத்துல ஸ்கேன் பார்க்கலாம். சினை நிக்காம போகவும் வாய்ப்பு இருக்கு."

மலையில் தீபம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அது அணைகிறவரை தினமும் சாயங்காலம் மாடியில் நின்று பார்ப்பேன். மற்ற வருஷங்களில் எதையும் கேட்டதில்லை. அந்த வருஷம் கேட்டேன். ஒன்றும் இல்லாமல் போகட்டும் என்று ஓர் உயிரைப் பற்றிக் கேட்பது என்ன மாதிரியான வேண்டுதல் என்று எனக்கே தெரியவில்லை. கீழே செவலை நன்றாகத் தின்றாள். மாத்திரையால் உடம்பு தேறியதா, வேறு எதனாலாவதா என்று பார்த்துக்கொண்டேயிருந்தோம். அவள் வயிற்றைத் தடவும்போதெல்லாம் கணவர் கையைச் சீக்கிரம் எடுத்துக்கொள்வார். கருப்பு பழையபடி சோறு தின்று, வெயிலில் தூங்கினான்.

மார்கழிப் பௌர்ணமிக்குச் சில நாள் முன்னால் ஸ்கேன் பார்த்தோம். திரையில் சாம்பல் நிறத்துக்குள் கறுப்பு வட்டங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஏதோ ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளையும் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"ஏறியிருக்கு. ஆனா நான் கேக்கற அளவுக்கு ஏறல. இன்னும் ரெண்டு வாரம் பொறுத்தா ரத்தம் நல்லா இருக்கும். ஆனா அதுக்குள்ள கர்ப்பப்பை பெருசாயிடும், நரம்பெல்லாம் தடிச்சிடும், இன்னும் ஜாஸ்தியா ரத்தம் போகும். இப்பவும் பயம்தான், அப்பவும் பயம்தான். என்னைக் கேட்டா இப்பவே எடுத்துடலாம்னு சொல்வேன். முடிவு நீங்க சொல்லுங்க."

அன்று சாயங்காலம் நாத்தனாருக்குப் போன் செய்தேன். மறைக்க விருப்பமில்லை.

"உசிரு வந்துடுச்சாம்மா உள்ள?"

"வந்துடுச்சு அண்ணி. துடிக்கறத பார்த்தேன்."

"அப்பறம் எப்படிம்மா எடுக்கச் சொல்ற? அது பாவமில்லயா? எல்லாக் குட்டியும் நான் எடுத்துக்கறேன். கயனி வரப்புல வளர்த்துக்கறேன். நீ ஒண்ணும் பார்க்க வேணாம்."

"வெளிய வர வழியில்ல அண்ணி."

"மனுஷிங்களுக்கெல்லாம் கிழிச்சு எடுக்கறாங்களே."

"நாள் முத்தினப்பறம் கிழிச்சா இன்னும் ஜாஸ்தியா ரத்தம் போகும், தாங்கமாட்டா. டாக்டர் சொல்லிட்டாங்க. இவ வேணுமா, குட்டி வேணுமான்னு கேட்டா..."

போனில் அவருக்குப் பின்னால் மாடு கத்தியது. "நான் பண்ண வேலைக்கு நீ பாவம் சுமக்கற," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அறுவை சிகிச்சை. நாங்கள் போவதற்கு முன்னாலேயே நாத்தனார் கிளினிக் வாசலில் நின்றிருந்தார். முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார். ரத்தம் ஏற்றவேண்டியிருந்தால் உதவும் என்று டாக்டர் சொன்னதால் கருப்பையும் கூட்டிவந்திருந்தோம். அவனைக் கணவர் ஆட்டோவில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாத்தனார் போய் அவன் காதைத் திருகினார். "பண்றதையும் பண்ணிட்டு, ரத்தம் குடுக்கவும் வந்துட்டியா, பெரிய மனுஷா?" கருப்பு அவர் கையை நக்கினான். அந்தக் காலையில் நாங்கள் மூவரும் சிரித்தது அப்போது மட்டும்தான்.

மயக்க மருந்து கொடுக்கும்போது செவலை என் பக்கம் பார்க்கவில்லை, நாத்தனாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு மூடியது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். ஒருமுறை உதவியாளர் வேகமாக வெளியே வந்து பஞ்சுக் கட்டு எடுத்துக்கொண்டு போனார். இன்னொரு முறை வந்து, ஆண் நாய் இருக்கிறதா, தயாராக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நாத்தனார் என் மணிக்கட்டைப் பிடித்தார். வளையல் அழுந்தி வலித்தது. விடச் சொல்லவில்லை.

டாக்டர் வந்தபோது நெற்றியெல்லாம் வியர்வை. "ரத்தம் கொஞ்சம் ஜாஸ்தியாதான் போச்சு. நின்னுடுச்சு. அவன் ரத்தம் தேவைப்படல. பிழைச்சுக்குவா."

நான் கைகூப்பினேன். நாத்தனார் மட்டும் கேட்டார். "எத்தினிம்மா?"

"நாலு."

அதை அவர் கேட்டிருக்கவேண்டாம் என்று அப்போது நினைத்தேன். யாராவது ஒருவர் கேட்கத்தான் வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

எனக்கு விடுப்பு மிச்சமில்லை. நாத்தனார் எங்களோடு தங்கினார். செவலையைப் பழைய அறையில் வைக்கவில்லை. கூடத்திலேயே பாய் விரித்து, பக்கத்தில் அவரும் படுத்துக்கொண்டார். கஞ்சி ஊட்டினார். தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்பைக் கழற்றித் துடைத்துத் துடைத்து மாட்டினார். பௌர்ணமி வந்து போனது. கிரிவலக் கூட்டம் போன மறுநாள் காலையில், கொஞ்சம் நடக்க வைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், கூம்பைக் கழற்றிவிட்டு செவலையைத் தெரு கிரிவலப் பாதையில் சேரும் முனைவரை மெதுவாகக் கூட்டிப்போனார்.

பௌர்ணமிக்கு மறுநாள் கிரிவலப் பாதையில் என்ன கிடக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். செருப்புகள். கழற்றி விட்டவை, வார் அறுந்தவை, ஜோடி தவறியவை. துப்புரவுப் பணியாளர்கள் ஓரமாகக் கூட்டிக் குவித்து வைத்திருந்தார்கள். செவலை அந்தக் குவியலை முகர்ந்து, ஒரு குழந்தைச் செருப்பைக் கவ்வினாள். நீல ரப்பர் செருப்பு, உள்ளங்கை அளவு. பிடுங்கப் பார்த்தபோது முதல்முறையாக நாத்தனாரைப் பார்த்து உறுமினாள். வீடுவரை கவ்விக்கொண்டே வந்து, பாயின் மூலையில் வைத்து, அதைச் சுற்றி உடம்பை வளைத்துப் படுத்துவிட்டாள்.

சாயங்காலம் நான் வந்தபோது நாத்தனார் என்னைக் கூடத்துக்கு இழுத்துக் காட்டினார். செவலை செருப்பை நக்கிக்கொண்டிருந்தாள். அடிவயிற்றில் தையலுக்கு இரண்டு பக்கமும் காம்புகள் வீங்கியிருந்தன. ஒன்றில் பால் துளி நின்றது.

"எல்லாத்தையும் எடுத்துட்டேன்னாங்களே அந்த அம்மா. உடம்புக்குச் சேதி போய்ச் சேரலயா?"

டாக்டருக்குப் போன் செய்தேன். இப்படி ஆவதுண்டு என்றார். காம்பைத் தொடவேண்டாம், பால் தானே வற்றும், கூம்பைத் திரும்ப மாட்டுங்கள், செருப்பை உடனே பிடுங்கவேண்டாம், கொஞ்ச நாளில் அவளே விட்டுவிடுவாள் என்றார். இதை ஒன்றுவிடாமல் நாத்தனாரிடம் நானே சொன்னேன். அவரும் ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டார். எத்தனை நாள், எது ஆபத்து, எது இல்லை என்று திருப்பித் திருப்பிக் கேட்டார்.

கூம்பு மாட்டியதும் செவலையால் செருப்பை நக்க முடியவில்லை. கூம்பின் விளிம்பால் அதைத் தன் வயிற்றுப் பக்கம் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டாள். கருப்பு முகரப் போனால் பல்லைக் காட்டினாள். நாத்தனார் எதிரே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் பாயைக் கூட்டும்போது செருப்பை எடுத்து, தூசு தட்டி, எடுத்த இடத்திலேயே வைத்ததைப் பார்த்தேன்.

தையல் பிரித்த மறுநாள் அவர் ஊருக்குக் கிளம்பவேண்டும். காலையில் பார்த்தால் பையை எடுத்துவைக்காமல் கருப்பின் சங்கிலியைக் கையில் பிடித்து நின்றார்.

"தம்பி, வண்டிய எடு. இவன அந்த அம்மாகிட்ட காட்டிட்டு வந்துடலாம்."

"அக்கா, செவலைக்குதான் ஆயிடுச்சே. இனிமே எதுக்கு இவனுக்கு?"

"தெருவுல எத்தினி செவலை சுத்துது, பார்த்தியா? அதுங்க குட்டிய யாரு எடுக்கறது, உங்கப்பனா?"

கணவர் ஏதோ சொல்ல வாய் எடுத்தார். "வெக்கப்பட்டது போதும்டா. எடு வண்டிய," என்றார் நாத்தனார். எடுத்தார். மத்தியானம் மூவரும் திரும்பினார்கள். கருப்பு தள்ளாடி இறங்கினான். வரப்பில் நின்ற அவன் அப்பனைப் பற்றி நாத்தனார் அன்று ஒன்றும் பேசவில்லை. சாயங்கால பஸ்ஸில் ஊருக்குப் போனார்.

அதன்பிறகு தினமும் இருட்டுகிற நேரத்தில் போன் வரும். கணவரைப் பற்றியோ என்னைப் பற்றியோ விசாரிப்பதற்கு முன் ஒரே கேள்விதான். "இன்னும் வச்சிக்கிட்டிருக்காளா?"

"வச்சிருக்கா அண்ணி."

"சரி."

பொங்கல் கழிந்தது. பால் வற்றியது. தைப்பௌர்ணமிக்கு முன்னால் ஒரு காலையில் செவலை பாயை விட்டு எழுந்து, சாய்ந்த நடையில் வாசலுக்குப் போய், கருப்பின் பக்கத்தில் வெயிலில் படுத்தாள். செருப்பு பாயின் மூலையில் கிடந்தது. மத்தியானம் அதைத் தாண்டிப் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. சாயங்காலமும் பார்க்கவில்லை.

போன் வந்தது.

"இன்னும் வச்சிக்கிட்டிருக்காளா?"

"இல்ல அண்ணி. இன்னிக்கி விட்டுட்டா."

"எங்க போட்ட அத?"

செருப்பு என் கையில்தான் இருந்தது. வாசல் விளக்கின் கீழே குப்பைத் தொட்டி திறந்திருந்தது.

"இன்னும் போடல," என்றேன்.

"வை," என்றார். "நான் வர்ற வரைக்கும் வை."